உளவியல் அறிவியல்தானா? 100 ஆய்வில் 36தானே தேறியது?

ஜூன் 4

ஒரு வாசகர் கேட்டது, எழுதியபடியே: "உளவியல் ஆய்வுகள் நூறை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்ததில் 36தான் தேறின. மீதி 64 பொய். காசைச் சுண்டிப் பார்த்தால்கூட இதைவிடச் சரியாக வரும். இதை இன்னும் அறிவியல் என்று சொல்லிப் பாடம் நடத்துகிறார்களே, அந்தத் துறையில் படித்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்."

படித்தவர்கள் என்று கேட்டதால் வருகிறேன். முதுகலை வரை படித்துவிட்டு வேறு வேலைக்கு வந்துவிட்டேன். துறையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, அதன் மீது வஞ்சமும் இல்லை. (வஞ்சம் இல்லை என்பது கொஞ்சம் பொய்.)

நீங்கள் சொல்லும் கணக்கு 2015-இல் வந்தது. பிரையன் நோசெக் என்கிற உளவியலாளர் தலைமையில் 270 பேர் சேர்ந்து, மூன்று பெரிய ஆய்விதழ்களில் 2008-இல் வெளியானவற்றிலிருந்து 100 ஆய்வுகளை எடுத்து மறுபடி செய்தார்கள். அதே முடிவு மறுபடி வந்தால் தேறியது என்று கணக்கு. எண் சரிதான். அதை வைத்து நீங்கள் போகும் இடம் சரியில்லை. இன்று தூக்கம் வருகிறது, நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5

புள்ளிவிவரத்துக்குப் போகும் முன் என் கதை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏதோ மேடையில் நின்று பேசுவது போல ஆகிவிடும்.

முதுகலை இரண்டாம் ஆண்டில் ஒரு சோதனை செய்தேன். கலைந்து கிடக்கும் சொற்களை வாக்கியமாக்கும் புதிர் ஒன்று கொடுப்பேன். பாதிப் பேருக்கான தாளில் அவசரம், வேகம், ஓட்டம் என்கிற மாதிரியான சொற்கள் ஒளிந்திருக்கும், மீதிப் பேருக்குச் சாதாரணச் சொற்கள். அதை முடித்ததும் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி, எத்தனை விநாடி எடுக்கிறார்கள் என்று கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பேன். அவசரச் சொற்களைப் பார்த்தவர்கள் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பது எங்கள் கருதுகோள். அப்போது இந்தப் 'பிரைமிங்' வகைச் சோதனைக்கு அவ்வளவு மவுசு.

நாற்பது பேர் முடிந்ததும் கணக்குப் போட்டேன். பி மதிப்பு (விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு) 0.09. அது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் 'முக்கியத்துவம் உள்ளது', மேலே இருந்தால் ஒன்றும் இல்லை. வழிகாட்டியாக இருந்த ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், "போக்கு சரியாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் பேரை எடுத்துப் பாருங்க" என்றார். எடுத்தேன். 0.07. அப்புறம் யார் யார் சரியாக ஒத்துழைக்கவில்லை என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்து நான்கைந்து பேரை நீக்கினேன். 0.04. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இதில் எந்த இடத்திலும் நான் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. நீக்கிய ஒவ்வொருவருக்கும் என்னிடம் காரணம் இருந்தது. கேட்டால் இன்றும் சொல்வேன்.

ஜூன் 5, பிறகு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் நீங்கள் அந்த 64-இல் ஒருவர்" என்கிறார். என் ஆய்வு எங்கும் வெளியாகவில்லை, ஆகவே அந்தப் பெருமைகூட எனக்கு இல்லை.

ஆனால் அந்த 64-ஐச் சரிசெய்தாக வேண்டும், நேற்று எண் சரி என்று நானே எழுதிவிட்டேன். நூறில் 97 ஆய்வுகள்தான் முதலில் முக்கியத்துவம் உள்ள முடிவைச் சொன்னவை. அந்த 97-இல் 35 தேறின, அதுதான் 36 சதவீதம். 100-க்கு 36 என்பது வாய்வழியாக உருமாறி வந்தது. அடுத்தது இதைவிடப் பெரியது: தேறாத ஆய்வு பொய் என்று அர்த்தமில்லை. முதல் ஆய்வு தற்செயலாகத் தேறியிருக்கலாம், இரண்டாவது தற்செயலாகத் தவறியிருக்கலாம், இரண்டும் சற்றே வெவ்வேறு விஷயங்களை அளந்திருக்கலாம். டேனியல் கில்பர்ட்டும் இன்னும் சிலரும் 2016-இல் இந்த வழியில்தான் அந்தக் கணக்கை எதிர்த்தார்கள், அதற்கு எதிர்ப்பதிலும் வந்தது.

எனக்கு அந்த அறிக்கையில் உறைத்தது 36 இல்லை. விளைவின் அளவு, அதாவது கண்டதாகச் சொன்னது எவ்வளவு பெரிது என்பது, சராசரியாகப் பாதியாகச் சுருங்கியது (0.40 சுமாருக்கு இருந்தது 0.20-க்குக் கீழே போனது). வெற்றி தோல்வி என்பது 0.05 என்று போட்ட கோட்டின் வேலை. பாதியாகச் சுருங்குவது அப்படி இல்லை, அச்சில் வந்த எல்லாமே ஒரே திசையில் ஊதிப் போயிருந்தது என்று அர்த்தம். எல்லாரும் என்னைப் போல ஒரு மாலை உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அறிதல் சார்ந்த ஆய்வுகளில் (நினைவு, கவனம், மொழி) பாதி தேறின, சமூக உளவியலில் கால்வாசிதான். 'உளவியல்' என்று ஒரே பெயர் வைத்திருப்பதால் இரண்டையும் ஒரே தராசில் போடுகிறோம்.

ஜூன் 7

"எப்படிக் கண்டுபிடித்தார்கள், திடீரென்று ஏன் சந்தேகம் வந்தது" என்று கேட்டவருக்கு. திடீரென்று இல்லை. ஜேக்கப் கோஹன் 1962-லேயே இந்த ஆய்வுகளில் ஆட்கள் போதாது, நடுத்தர அளவு விளைவு உண்மையிலேயே இருந்தாலும் ஏறக்குறையப் பாதித் தடவை கண்ணில் படாமல் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள், யாரும் மாறவில்லை.

2011-இல்தான் பற்றிக்கொண்டது. டேரில் பெம் என்கிற மூத்த பேராசிரியர், மனிதர்களுக்கு எதிர்காலம் கொஞ்சம் தெரிகிறது என்று ஒன்பது சோதனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு, துறையின் மிகப் பெரிய ஆய்விதழ்களில் ஒன்றில் எழுதினார். திரையில் இரண்டு மறைப்புகள், எதன் பின்னால் படம் வரப்போகிறது என்று ஊகிக்க வேண்டும், படம் எங்கே என்பதைக் கணினி அதற்குப் பிறகுதான் முடிவு செய்யும். கிளுகிளுப்பான படங்களுக்கு மட்டும் 53.1 சதவீதம் சரியாகச் சொன்னார்களாம். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது, ஏனென்றால் அந்தக் கட்டுரை எந்த விதியையும் மீறவில்லை. அவர்கள் எல்லாரும் எப்படிச் செய்வார்களோ அப்படித்தான் அவரும் செய்திருந்தார். இந்த முறையில் எதிர்காலம் தெரியும் என்பதையே நிரூபிக்க முடியும் என்றால் முறையில்தானே கோளாறு. மூன்று பேர் அதைத் திரும்பச் செய்து, ஒன்றும் வரவில்லை என்று அதே இதழுக்கு அனுப்பியபோது, நாங்கள் மறுசோதனைகளை வெளியிடுவதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பெம்மைவிட அந்தப் பதில்தான் எனக்கு அதிர்ச்சி.

அதே ஆண்டு சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் வேண்டுமென்றே ஒரு கூத்து அடித்தார்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்று 'நிரூபித்தார்கள்'. வயதாகிவிட்டது போன்ற உணர்வு குறையவில்லை, பிறந்த தேதிப்படியான வயதே குறைந்தது! பொய்த் தரவு எதுவும் கிடையாது. வேண்டிய இடத்தில் நிறுத்தினார்கள், வேண்டிய ஒப்பீட்டை மட்டும் சொன்னார்கள், அப்பாவின் வயதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். இப்படி நான்கு சின்னச் சுதந்திரங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 61 சதவீதம் வரை ஏறும் என்று கணக்கும் காட்டினார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குப் புதிதில்லை. ஒரு தடவை காக்கை உட்கார்ந்தபோது பழம் விழுந்தால் தற்செயல். இருபது காக்கைகளை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, பழம் விழுந்த ஒரு காக்கையைப் பற்றி மட்டும் கட்டுரை எழுதினால்? (இருபதில் ஒன்றாவது இப்படித் தற்செயலாகத் தேற 64 சதவீத வாய்ப்பு. இது வேறு 64, மேலே உள்ளதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மற்ற 19 காக்கைகளும் ஆய்வாளரின் மேசை இழுப்பறையில் கிடக்கும். 'இழுப்பறைச் சிக்கல்' என்று ராபர்ட் ரோசன்தால் பெயர் வைத்தது 1979-இல்.

ஜூன் 7

ஸ்டாப்பெல்லை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். டைடெரிக் ஸ்டாப்பெல், நெதர்லாந்துப் பேராசிரியர், தரவையே கற்பனையில் எழுதிக்கொண்டவர், 2011-இல் மாட்டினார், ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சொல்லாமல் விட்டது வேண்டுமென்றுதான். திருடனைக் காட்டினால் மற்ற எல்லாரும் நல்லவர்கள் என்று ஆகிவிடுகிறது. இந்தக் கதையில் எனக்குப் பயம் தருவது நல்லவர்கள்தான்.

ஜூன் 8

ஒருவர், "பவர் போஸ் வேலை செய்கிறது, நான் செய்து பார்த்திருக்கிறேன்" என்கிறார். நானும் செய்திருக்கிறேன். ஒரு நேர்முகத் தேர்வுக்கு முன்னால் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இடுப்பில் கை வைத்து, கால்களை அகட்டி, இரண்டு நிமிடம் நின்றேன். வேலை கிடைத்தது. எனக்கு முன்னால் உள்ளே போன ஆள் வரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படி நின்றால் ஹார்மோனும் நடத்தையும் மாறும் என்று 2010-இல் சொன்ன ஆய்வில் இருந்தது 42 பேர். 2015-இல் 200 பேரை வைத்துச் செய்தபோது, தெம்பாக உணர்ந்ததாகச் சொன்னார்கள், ஹார்மோனும் நடத்தையும் மாறவில்லை. முதல் ஆய்வின் முதல் ஆசிரியரான டானா கார்னியே 2016-இல், இந்த விளைவு உண்மை என்று நான் இனி நம்பவில்லை என்று எழுதி வெளியிட்டார். தன் பெயரில் உலகம் முழுக்கப் பரவிய ஒன்றைப் பற்றி அப்படி எழுத எவ்வளவு தைரியம் வேண்டும். என் 0.04-ஐப் பற்றி நான் இங்கே எழுதவே பல வருடம் ஆனது, அதுவும் பெயர் போடாமல்.

ஜூன் 10

என் முதுகலைச் சோதனை எதைப் பார்த்துச் செய்தது என்று ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். ஆமாம், ஜான் பார்க் குழுவின் 1996 ஆய்வுதான். முதுமை தொடர்பான சொற்களைப் புதிரில் பார்த்த மாணவர்கள், வெளியே போகும்போது நடைபாதையில் மெதுவாக நடந்தார்கள் என்றது அது. வகுப்பில் இதைக் கேட்டபோது எங்களுக்குப் புல்லரித்தது.

2012-இல் ஸ்டெஃபான் டோயென் குழு இதைத் திரும்பச் செய்தது. கையில் ஸ்டாப்வாட்ச் இல்லாமல் அகச்சிவப்பு உணரிகளை வைத்து அளந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அப்புறம் இரண்டாவதாக ஒன்று செய்தார்கள், அதுதான் விசேஷம். சோதனை நடத்துபவர்களிடமே, இவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்று சொல்லி வைத்தார்கள். உடனே மெதுவாக நடந்தார்கள். பிரைமிங் இருந்தது, ஆனால் நடத்தியவர்களுக்கு.

இதற்கு ஒரு குதிரைக் கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கூட்டல் கழித்தல் எல்லாம் போடும், விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். உரிமையாளர் மோசடிக்காரர் இல்லை, உண்மையாகவே நம்பினார். ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்கிற உளவியலாளர் 1907-இல் கண்டுபிடித்தார்: கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் லேசாக அசைகிறது, குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது. இந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே உளவியல்தான். அதற்கு 90 வருடம் கழித்துக் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றதும் உளவியல்தான்.

நானும் நின்றேன். அவசரத் தாள் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பேனாவைக் கீழே வைக்கும் நொடியில் அழுத்தினேனா, கடைசி எழுத்தை முடிக்கும் நொடியில் அழுத்தினேனா? எல்லாருக்கும் ஒரே மாதிரி அழுத்தினேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஜூன் 11

"உளவியல் மட்டுமா? மருத்துவ ஆய்விலும் இதே கதைதானே" என்று துறைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். உண்மை. ஆம்ஜென் நிறுவனம் புற்றுநோய் ஆய்வில் புகழ்பெற்ற 53 கட்டுரைகளைச் சரிபார்க்கப் பார்த்ததில் 6தான் நின்றன என்று 2012-இல் எழுதினார்கள். பொருளாதாரச் சோதனைகள் 18-இல் 11 நின்றன.

ஆனால் அடுத்த வீடும் எரிகிறது என்பது நம் வீட்டுத் தீயை அணைக்காது. உளவியலுக்கு இதனால் ஒரு பெருமை உண்டு, தன் வீட்டைத் தானே முதலில் கூட்டிப் பெருக்கியவர்களில் ஒருவர், ஒத்துக்கொள்கிறேன். துறைக்காரர்கள் அந்தப் பெருமையை ரொம்பச் சீக்கிரம் எடுத்துக்கொண்டார்கள் என்றும் தோன்றுகிறது. "பார், நாங்கள் எங்களைத் திருத்திக்கொள்கிறோம், அதனால் நாங்கள் அறிவியல்." கோஹன் 1962-இல் சொன்ன பிறகு ஐம்பது வருடம் யார் திருத்தினார்கள்?

ஜூன் 14

சரி, எது நிற்கிறது? திட்டிக்கொண்டே இருந்தால் முதலில் கேட்டவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

ஸ்ட்ரூப், 1935. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். உங்கள் வீட்டில் யாரையாவது உட்கார வைத்து இப்போதே செய்து பாருங்கள், பி மதிப்பு எதுவும் வேண்டாம். நங்கூர விளைவு: ஒரு பெரிய எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு மதிப்பிடச் சொன்னால் மதிப்பீடும் பெரிதாகிறது. 2014-இல் 36 இடங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 13 விளைவுகளைச் சோதித்தபோது இது முதலில் வந்ததைவிடப் பெரிதாகவே வந்தது. ஆளுமையின் ஐந்து பெரிய கூறுகளுக்கும் வாழ்க்கையில் நடப்பவற்றுக்கும் உள்ள தொடர்புகளில் 78-ஐ 2019-இல் சரிபார்த்ததில் 87 சதவீதம் நின்றன. சுருங்கின, ஆனால் நின்றன.

எனக்குப் பிடித்தது எபிங்ஹாஸ். 1885-இல் வெளியிட்ட ஆய்வில் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, இருபது நிமிடம் கழித்து எவ்வளவு மறந்தது, ஒரு நாள் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று தன்னையே அளந்தார். ஒரே ஆள். 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்தார்கள், அதிலும் ஒரே ஆள், அவர்களில் ஒருவர், 70 மணி நேரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். அந்த வளைவு 130 வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே வளைவு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். எபிங்ஹாஸ் பானையில் அது செல்லுபடியாகிறது, மறதி எல்லாரிடமும் ஒரே மாதிரி வேகிறது, அவரும் அந்த ஒரு சோற்றை ஆயிரம் தடவை அழுத்திப் பார்த்தார். நடைவேகமோ தன்னம்பிக்கையோ அப்படி இல்லை, ஒவ்வொரு சோறும் ஒவ்வொரு பதம், அதில் முப்பது சோறு எடுத்து ஆளுக்கு ஒரு தடவை அழுத்திவிட்டுப் பானையைப் பற்றிப் பேசினோம். வேடிக்கை என்னவென்றால், சின்ன மாதிரியை மனிதர்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள், பயிற்சி பெற்ற ஆய்வாளர்களும் விதிவிலக்கில்லை என்று 1971-லேயே எழுதியவர் டேனியல் கானமன் என்கிற உளவியலாளர் (ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து). அதே கானமன் 2011-இல் தன் புத்தகத்தில் பிரைமிங்கை நம்பாமல் இருக்க வழியே இல்லை என்கிற தொனியில் எழுதி, 2017-இல், ஆட்கள் போதாத ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டார். அவருக்கே அப்படி என்றால், ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த நான் எம்மாத்திரம்.

ஜூன் 15

நேற்றைய குறிப்பில் ஒரு ஓட்டை இருப்பதாகத் தோன்றி இரவு தூக்கம் கெட்டது. நிற்பதெல்லாம் அறிவியல், விழுவதெல்லாம் இல்லை என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அது போதாது. பால் மீல் என்கிற உளவியலாளர் 1967-இல் சொன்னது வேறு, அதுதான் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிக நெருக்கமான பதில்.

வானியல்காரர் கிரகணம் இத்தனை மணி இத்தனை நிமிடத்துக்குத் தொடங்கும் என்கிறார். கருவி கூர்மையாக ஆக ஆக அவருக்கு ஆபத்து கூடுகிறது, ஒரு விநாடி தவறினாலும் தெரிந்துவிடும். நாங்கள் என்ன சொன்னோம்? "இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் இருக்கும்." எவ்வளவு என்று சொல்லவில்லை. உலகத்தில் எந்த இரண்டு குழுக்களை எடுத்தாலும் ஏதோ ஒரு துளி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆகவே ஆட்களைக் கூட்டக் கூட்ட எங்கள் கருதுகோள் தேறுவது சுலபமாகிக்கொண்டே போகிறது. அங்கே கருவி நல்லதாக ஆனால் தேர்வு கடினமாகிறது, இங்கே எளிதாகிறது.

அதனால்தான், ஆட்களைப் பெருக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. என் சோதனையை ஐயாயிரம் பேரிடம் செய்து 0.001 வந்திருந்தாலும், அவசரம் என்ற சொல் எதற்காகக் கையை வேகமாக்க வேண்டும், எத்தனை விநாடி வேகமாக்க வேண்டும், எப்போது ஆக்காது என்று என்னிடம் ஒரு வரி பதில் இருந்திருக்காது. ஃப்ராய்டைப் பற்றித் தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்ன குறை, எது நடந்தாலும் கோட்பாடு தப்பித்துவிடும் என்பது. எங்களிடம் தப்பிக்கக் கோட்பாடே இல்லை.

எபிங்ஹாஸ் ஏன் நின்றார் என்பதும் இதில் இருக்கிறது. அவர் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லவில்லை, வளைவு வரைந்தார்.

ஜூன் 16

"அப்போ மன உறுதி என்பது பேட்டரி மாதிரி தீர்ந்துபோகும் என்பதும் போச்சா?" போச்சு என்று சொல்லலாம். 1998-இல் வந்தது, ராய் பாமைஸ்டர் குழு செய்தது. 2016-இல் திரும்பச் செய்தபோது 23 ஆய்வகங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், விளைவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில். சோதனையே சரியான வடிவத்தில் இல்லை என்று பாமைஸ்டர் வாதிட்டார். எனக்கு இது சொந்த நஷ்டம், மாலையில் எந்த வேலையும் செய்யாததற்குப் பல வருடமாக இதைத்தான் காரணமாகச் சொல்லிவந்தேன்.

ஜூன் 19

பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டால் (சிரிப்பது போல முகம் இழுபடும்) கார்ட்டூன் அதிகமாகச் சிரிப்பூட்டும் என்ற 1988 ஆய்வும் செத்தது என்று ஒருவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அவசரப்பட வேண்டாம். 2016-இல் 17 ஆய்வகங்களில் வரவில்லை, சரி. அந்த மறுசோதனையில் ஆட்களைக் கேமரா படம்பிடித்துக்கொண்டிருந்ததே, அதுதான் கெடுத்ததோ என்று 2018-இல் சிலர் செய்து பார்த்தார்கள், கேமரா இல்லாதபோது வந்தது என்றார்கள். அப்புறம் இரு தரப்பும் சேர்ந்து 19 நாடுகளில் செய்து 2022-இல் வெளியிட்டார்கள்: முகபாவத்தை வேண்டுமென்றே சிரிப்பது போல வைத்துக்கொண்டால் சின்ன அளவில் சந்தோஷம் கூடுகிறது, பேனா விஷயம் தெளிவில்லை. முப்பத்து நான்கு வருடம் கழித்துக் கிடைத்த விடை, "கொஞ்சம், சில சமயம்".

இதைப் பார்த்து ஏமாற்றம் வரவில்லை எனக்கு. நம்பியவரும் நம்பாதவரும் முதலில் உட்கார்ந்து, எது வந்தால் யார் தோற்றதாக அர்த்தம் என்று எழுதிவைத்துவிட்டுச் செய்தார்கள். மேலே திட்டிய எல்லாவற்றுக்கும் மாற்று இதுதான். முன்பதிவு என்கிறார்கள், ரயில் டிக்கெட் இல்லை, தரவைத் தொடும் முன் திட்டத்தைப் பதிவு செய்துவிடுவது. 2013-இலிருந்து சில ஆய்விதழ்கள் இன்னும் ஒரு படி மேலே போய், முடிவு வரும் முன்னாலேயே திட்டத்தை மட்டும் பார்த்துக் கட்டுரையை ஏற்றுக்கொள்கின்றன. பழைய முறையில் வந்த கட்டுரைகளில் 96 சதவீதம் தங்கள் கருதுகோள் சரி என்றன, புதிய முறையில் வந்தவற்றில் 44 (2021-இல் எடுத்த கணக்கு). நடுவில் இருக்கும் அந்த 52-ஐ வைத்துத்தான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.

ஜூன் 19, இரவு

52 பற்றிய கடைசி வாக்கியம் கோபத்தில் எழுதியது. இரண்டு வகைக் கட்டுரைகளும் ஒரே மாதிரியான கேள்விகளை எடுத்தவை என்று சொல்ல முடியாது, புதிய முறைக்கு வருகிறவர்கள் ஆபத்தான கருதுகோள்களைக் கொண்டு வந்திருக்கலாம். அழிக்காமல் விடுகிறேன்.

முன்பதிவைக் கும்பிடவும் வேண்டாம். நல்ல நடைமுறைகளைக் கடைப்பிடித்தால் மறுசோதனைகள் அருமையாகத் தேறுகின்றன என்று 2023-இல் ஒரு பெரிய கட்டுரை வந்தது. எதை முன்பதிவு செய்தோம் என்று அதில் சொன்னது சரியில்லை என்று 2024-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். கதையாக எழுதினால் மிகையாக இருக்கிறது என்பார்கள்.

ஜூன் 27

ஒரு வாரமாக வரவில்லை. "அந்த நான்கைந்து பேரைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தீர்களா" என்று ஒருவர் கேட்டிருந்தார், அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, ஒரு கேபிள் வாங்கி, திறந்தேன். கோப்பின் பெயர் 'இறுதி_புதியது_3'.

நீக்கியது நான்கைந்து இல்லை, ஆறு. சிவப்பு நிறம் போட்டு வைத்திருந்தேன். பக்கத்தில் குறிப்பு என்று ஒரு பத்தி: 'கவனமில்லை', 'தூக்கக் கலக்கம்', 'கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்', 'பேனா எழுதவில்லை'. பேனா எழுதாதது நியாயமான காரணம், அதை இன்றும் நீக்குவேன். ஆனால் ஆறில் ஐந்து பேர் அவசரத் தாள் வாங்கியும் மெதுவாக எழுதியவர்கள். சாதாரணத் தாள் வாங்கியவர்களில் 31-ஆம் வரிசைக்காரருக்கு நேராக 'கொட்டாவி' என்று இருக்கிறது, மெதுவாக எழுதியிருக்கிறார், அவரை நீக்கவில்லை. தூக்கக் கலக்கத்துக்கும் கொட்டாவிக்கும் என்ன வித்தியாசம் கண்டேனோ.

அதைவிட மோசம் முதல் வரிசை. ஆய்வேட்டில் 48 மாணவர்கள் என்று எழுதியிருக்கிறேன். முதல் வரிசையின் தேதி மற்ற எல்லாருக்கும் இரண்டு நாள் முந்தையது. குறிப்பில் 'சோதனை ஓட்டம்'. அவசரத் தாள், ரொம்ப வேகம், மொத்தக் கோப்பிலேயே அதுதான் வேகமான நேரம். படிவம் சரியாக வருகிறதா என்று பார்க்க நானே உட்கார்ந்து நிரப்பியது. யாரோ எனக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்தார்கள். அதை நீக்க மறந்திருக்கிறேன், அல்லது எந்த மாலையில் எல்லாரையும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தேனோ அந்த மாலையில் அந்த வரிசை கண்ணை உறுத்தவில்லை.

என்னை மட்டும் எடுத்துவிட்டால், 47 பேர், 0.06. ஆறு பேரையும் திரும்பச் சேர்த்தால், 53 பேர், 0.12. பேனா எழுதாதவரை மட்டும் விட்டுவிட்டுக் கணக்குப் போட இன்னும் உட்காரவில்லை. உட்காரும் முன் இங்கே எழுதிவைக்கிறேன்: அவரை விட்டுத்தான் போடுவேன், 52 பேர், ஒரு தடவைதான், எது வந்தாலும் இங்கே போடுவேன்.

ஜூன் 28

0.10.